பல்கீஸ் பேருக்கு வந்த மணியார்டர்

எனக்கு வயசு தொண்ணூறு. ஒண்ணு ரெண்டு கூடவும் இருக்கும். நான் பிறந்ததை எழுதி வைக்க அன்றைக்கு ஆள் இல்லை. பெற்றது அஞ்சு, வளர்த்தது ஆறு. கணக்கு தப்பவில்லை. அந்த ஆறாவது யார் என்பது போகப் போகத் தெரியும்.

சொல்கிறது நான், எழுதுகிறது என் பேத்தி செல்வி. அவளும் உங்களைப் போல கைரேகை மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பேங்குப் பணம் பட்டுவாடா செய்கிறவள்தான். போன வாரம் வந்தவள் மிஷினைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, "இந்தப் பொழப்பே வேண்டாம் அப்பத்தா" என்றாள். ஒரு வீட்டில் ரேகை தேய்ந்த அம்மாவுக்கு மிஷின் சிவப்பு காட்டுகிறதாம். மகன் சவுதியிலிருந்து அனுப்பின பணம் கணக்கில் கிடக்கிறது, கைக்கு வரவில்லை. வீட்டார் இவளைப் பிடித்துத் திட்டித் தீர்த்துவிட்டார்களாம், என்னமோ இவள்தான் பணத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற மாதிரி.

அனுப்புகிறவனுக்கும் வாங்குகிறவளுக்கும் நடுவில் நிற்கிறவள் திட்டு வாங்காத காலம் ஒன்று கிடையாது, பிள்ளைகளா. உங்களுக்காவது சிவப்பு, பச்சை என்று ஒரு விளக்கு எரிகிறது. பழியை அதன் மேல் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். எங்கள் காலத்தில் விளக்கு நான்தான்.

நான் வளையக்காரி. தேவிபட்டினத்திலும் சுற்றியிருக்கிற கரையூர்களிலும் வளையல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவேன். முஸ்லிம் தெருக்களில்தான் எனக்கு வியாபாரம். அந்த வீடுகளில் ஆம்பளைகள் பாதிப்பேர் கொழும்பில் இருந்தார்கள். பெண்கள் வெளி ஆம்பளைக்கு முகம் காட்டமாட்டார்கள். மணியார்டர் வந்தால் தபால்காரர் வாசலுக்குள் வந்து நிற்பார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை வரும். அந்தக் கட்டைவிரலில் மை தடவி, கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பார்.

அந்தக் கை யாருடைய கை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டில் மருமகளுக்கு வந்த பணத்துக்கு மாமியார் கையை நீட்டி வாங்கிவிட்டாள். மருமகளின் அண்ணன் தபாலாபீஸ் வாசலில் வந்து நின்று ஊரைக் கூட்டினான். அதற்குப் பிறகுதான் தபால்காரர் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தெருக்களில் எல்லாக் கையையும் நான் பிடித்து வளையல் ஏற்றியிருக்கிறேன். திரைக்கு உள்ளேயும் போவேன், வெளியேயும் வருவேன். "இது அவங்கதான்" என்று நான் சொன்னால் அவர் பணத்தை எண்ணுவார். சாட்சி போடுகிற இடத்தில் முத்துராக்கு என்று என் பேரை எழுதுவேன். எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையும் இதற்காகத்தான் பழகினேன்.

இதற்குச் சம்பளம் என்று யாரும் காலணா கொடுத்ததில்லை. அந்த வீடுகளில் என்னைத் தவிர வேறு யாரிடமும் வளையல் வாங்கமாட்டார்கள். அதுதான் என் கூலி. ஆனால் அந்தத் தெருக்களில் நான் ஒரு சொல் சொன்னால் சர்க்கார் பணம் அசையும். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இப்போதும் உண்டு.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் வரைக்கும் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பிடித்தது சனி. அங்கத்து சர்க்கார், கொழும்பிலிருந்து பணம் அனுப்ப அனுமதி வாங்கு என்றது. யாருக்கு அனுப்புகிறாய், அவள் உனக்கு என்ன உறவு, அவள் உயிரோடு இருக்கிறாளா, இங்கத்து கிராம முன்சீப் கையெழுத்து எங்கே, தாசில்தார் முத்திரை எங்கே. வருஷா வருஷம் இதே பாட்டு. அங்கே அவன் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கணும். மனு எழுதுகிறவனுக்குக் கொடுக்கணும். இங்கே இவர்கள் ராமநாதபுரத்துக்கு ஆளனுப்பணும், பஸ்ஸுக்குக் கொடுக்கணும், தாலுகா ஆபீஸில் டவாலி போட்ட சேவகனுக்கு டீ வாங்கிக் கொடுக்கணும். "அய்யா இன்னைக்கு வரலை" என்று அவன் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பணும். பணத்துக்குக் கால் இருந்து அதுவே கடலில் இறங்கி நடந்து வந்திருந்தால் செலவு குறைந்திருக்கும்.

இந்தக் காலத்தில்தான் பல்கீஸ் செத்துப்போனாள்.

அவள் கதிஜாம்மாவின் ஒரே மகள். ஏழாம் மாசத்தில் இரண்டு கை நிறைய நான்தான் வளையல் போட்டேன். பிரசவத்தில் பிள்ளை பிழைத்தது, தாய் போய்விட்டாள். பெண் பிள்ளை. புருஷன் சுல்தான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருந்தான். வர முடியவில்லை. வந்தால் திரும்பப் போக விடுவார்களோ மாட்டார்களோ, அதற்கும் ஒரு சீட்டு, அதற்கும் ஒரு வரிசை. பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்காமல் அங்கேயே கிடந்து அழுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. கதிஜாம்மாவைப் போன்ற கரையோரத்து வீடுகளில் கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குத்தான் சேரும், அவளுக்குப் பிறகு அவள் மகளுக்கு. சுல்தானோ ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம், கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர்க்காரன். அங்கே மருமகள்தான் மாமியார் வீட்டுக்குப் போகணும், பேரப்பிள்ளை அப்பன் வீட்டுப் பிள்ளை. கல்யாணம் பேசும்போதே இதில் உரசல். பல்கீஸ் மவுத்தான அன்றைக்கு சுல்தானுடைய அம்மா பாத்துமுத்து வந்தாள். அடக்கம் முடிந்ததும், "புள்ளையைக் குடுங்க, நான் கொண்டுபோய் வளக்குறேன்" என்று கேட்டாள். கதிஜாம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாத்துமுத்து பிள்ளையின் முகத்தை முழுசாகப் பார்க்காமலே பஸ் ஏறினாள்.

அடுத்த மாசம் மணியார்டர் வந்தது. பல்கீஸ் பேருக்கு.

சுல்தானுக்குத் தெரியாதா? தெரியும். அவனுக்கு இருந்த அனுமதி பெண்டாட்டி பேரில். அதை மாற்ற எத்தனை மாசம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் செத்தவள் பேரை எழுதியே பணத்தைக் கட்டிவிட்டு, அவள் பேரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஊருக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். பெண்டாட்டி பேரை அந்தத் தாளில் எழுதும்போது அவன் கை எப்படி இருந்திருக்கும் என்று நான் நிறைய நாள் நினைத்திருக்கிறேன்.

தபால்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். காலில் ஆணி உள்ள மனுஷர், நொண்டி நொண்டித்தான் நடப்பார். எப்போதும் தன் காலைத் திட்டிக்கொண்டே வருகிறவர், அன்றைக்கு அதைக்கூடத் திட்டவில்லை.

வாசலில் நின்றோம். உள்ளே பிள்ளை அழுகிறது. பக்கத்து வீட்டில் ஒருத்தி தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக மிச்சம் பால் கொடுத்து வந்தாள். அவளுக்கே சத்து வேண்டும், அதற்கும் காசு வேண்டும். திரை அசைந்தது. ஒரு கை வந்தது. கதிஜாம்மா கை. முழங்கை வரை நரம்பு ஓடின கை, என் பெட்டியிலேயே பெரிய அளவு வளையல் போடுகிற கை. பல்கீஸுக்கு ஏற்றுகிற வளையல் அந்தக் கையில் பாதி கூட ஏறாது.

தபால்காரர் மைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏத்தா, சொல்லிரு. பச்சைப் புள்ளை. ஒரு வார்த்தைதான" என்றார்.

அதுதான் எனக்கு ஆற்றாமை. கெட்டவன் வந்து பொய் சொல் என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம். அவர் தன் வேலையே போகும் என்று தெரிந்தும் கேட்கிறார். உள்ளே இருக்கிறவள் மகளைப் பறிகொடுத்தவள். பசியில் அழுகிறது ஒரு மாசத்துப் பிள்ளை. இத்தனை நல்லவர்கள் ஒரு பக்கம் நிற்க, எதிர்ப்பக்கத்தில் நான் ஒருத்தி.

நான் நினைத்தது இதுதான். இன்றைக்கு அவள்தான் என்று சொன்னால் அடுத்த மாசமும் சொல்லணும். மாசாமாசம் செத்தவளை நான் உயிரோடு வைத்திருக்கணும். வருஷக் கடைசியில் முன்சீப் வந்து கேட்பார், அப்போதும் சொல்லணும். ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒருத்தி இருக்கிறாள், மருமகள் மவுத்தானதைக் கண்ணால் பார்த்தவள், வயிற்றெரிச்சலோடு பஸ் ஏறினவள். அவள் ஒரு கார்டு போட்டால் போதும். சுல்தானுக்கு வேலை போகும், அனுமதி போகும். தபால்காரர் போவார். அதோடு நிற்காது. அந்தத் தெருவில் திரைக்குப் பின்னால் இருக்கிற எல்லாக் கைக்கும் என் வாய்ச்சொல்தான் சாட்சி. அது ஒரு இடத்தில் பொய் என்றாகிவிட்டால் எந்த வீட்டுக்கும் பணம் இறங்காது.

அதற்காக, "இது பல்கீஸ் கை இல்லை" என்று வாசலில் நின்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே அவர் தாளில் எழுதித் திருப்பி அனுப்பணும்.

மைப் பெட்டியை நானே மூடினேன். "பட்டுவாடா ஆகலைன்னா எத்தனை நாள் ஆபீசுல வச்சிருப்பீங்க அய்யா?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம்."

"வச்சிருங்க. ஒரு வாரமும் வச்சிருந்துட்டு, பிறகு உள்ளதை எழுதி அனுப்புங்க."

உள்ளேயிருந்து கதிஜாம்மா பேசின பேச்சை நான் எழுதச் சொல்லமாட்டேன். என் வளையலை என் மேலேயே கழற்றி எறிந்தாள். இந்த வாசலை மிதிக்காதே என்றாள். நான் மிதித்தேன். திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

பிள்ளைகளா, பணம் கிடைக்காதவர்கள் திட்டும்போது வெளியே போய்விடாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். திட்டி முடித்தபிறகுதான் அவர்களுக்கு எதற்குப் பயம் என்று வெளியே வரும்.

கதிஜாம்மாவுக்குப் பணம் பெரிசில்லை. மகள் செத்தது தாளில் ஏறிவிட்டால் சுல்தான் பிறகு யாருக்கு அனுப்புவான்? பெண்டாட்டி, பிள்ளை, பெற்ற தாய் தகப்பன், இவர்களுக்குத்தான் அனுப்பலாம். மாமியார் அந்த ஆபீசுக்கு உறவே இல்லை. பிள்ளையைப் பெற்றவளைப் பெற்றவள், ராவும் பகலும் தோளில் போட்டு வளர்க்கிறவள், அவள் அந்நியமாம். பிள்ளை பேருக்கே அனுப்பலாம் என்றால் அதற்குக் காப்பாளர் வேண்டும், அதற்குக் கோர்ட்டு வேண்டும். மிஞ்சினது பாத்துமுத்து.

"பணம் அவ கைக்குப் போச்சுன்னா புள்ளையும் பின்னாடியே போயிரும்" என்றாள் கதிஜாம்மா. "எம் மவளைத்தான் மண்ணு தின்னுருச்சு. இதையும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா வளையக்காரி?"

அவளிடம் நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் உப்பூர் வரை ஒரு பஸ், அங்கேயிருந்து பஸ் கிடைக்காமல் ஒரு மாட்டு வண்டி என்று ஏறி ஆர்.எஸ்.மங்கலம் போனேன்.

பாத்துமுத்து களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திரையெல்லாம் கிடையாது, வயலுக்குப் போகிற மனுஷி. நான் யார் என்று சொன்னதும், "சம்பந்தி தூது அனுப்பிச்சிருக்காகளோ?" என்று முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். மணியார்டர் வந்ததை, கை வந்ததை, நான் மை போட விடாததை, எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை.

கேட்டுவிட்டு அவள், "பணம் என் பேர்ல வரட்டும். புள்ளையும் என் வீட்டுக்கு வரட்டும். காசு இங்கன, புள்ளை அங்கன, இது எந்த ஊரு நியாயம்?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் புள்ளை செத்துச்சுன்னா பணத்தை வச்சு என்ன செய்வீக? ஆளுக்குப் பாதி கபர் கட்டுவீகளா?" என்று கேட்டுவிட்டேன். அந்நிய ஊரில், அந்நிய வீட்டுக் களத்தில் நின்று பேசுகிற பேச்சா அது? அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தது. பணம் பாத்துமுத்து பேரில் வரும். வந்த மறுநாள் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவேன். பகல் முழுக்க அவள் வைத்துக்கொள்ளலாம். சாயங்கால பஸ்ஸுக்குப் பிள்ளையும் பணமும் என்னோடு திரும்பணும். பணத்தை என் கையில் தரக்கூடாது, பிள்ளை கையில்தான் கொடுக்கணும். அது நான் போட்ட நிபந்தனை. என் கையில் வாங்கினால் நாளைக்கு நான் தின்றேன் என்பார்கள்.

அதோடு முடிந்ததா? திரும்பிப் போகிற மணியார்டர் கொழும்புக்குப் போய்ச் சேருவதற்குள், தாய் உயிரோடு இருக்கிறாள், மகனை நம்பி இருக்கிறாள் என்கிற தாள் சுல்தான் கைக்குப் போயாகணும். இல்லாவிட்டால் பெண்டாட்டி செத்தாள், அனுமதி ரத்து என்று ஒரே கோடாகப் போட்டுவிடுவார்கள். அந்த ஊர் முன்சீப்பைத் தேடிப் போனால் மடைத் தகராறு என்று கண்மாய்க் கரையில் இருந்தார். கரையெல்லாம் நடந்து பிடித்தோம். பாத்துமுத்துவைப் பிறந்ததிலிருந்து தெரிந்த மனுஷர். அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீ உயிரோட இருக்கேங்கிறதுக்கு ரெண்டு சாட்சி வேணும்" என்றார்.

"உங்க முன்னாடிதான நிக்கிறேன்?" என்றாள் பாத்துமுத்து.

"நிக்கிறே. தாள்ல நிக்கணும்ல?"

மடைக்கு அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு வந்து சாட்சி போட்டார்கள். போட்டுவிட்டுத் திரும்பப் போய்ச் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போது மண்டபம் முகாமில் சமையல் வேலையில் இருந்தார். கொழும்புக்குப் போகிறவர்கள் அங்கே தங்கித்தான் கப்பலுக்குப் போவார்கள். அவரிடம் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சமையக்காரனைத் தபால்காரனாக்கிட்டியே" என்று முனகினார். முனகினாலும் அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரைப் பிடித்துக் கொடுத்தனுப்பினார். வாரம் முடிந்தது. தபால்காரர் உள்ளதை எழுதினார். மணியார்டர் வந்த வழியே கடல் தாண்டித் திரும்பிப் போனது. அனுப்பக் கட்டின கமிஷனை அவனுக்குத் திருப்பித் தரவில்லை. அவன் காசு கடலைப் பார்த்துவிட்டு வந்ததற்கு அவனே கூலி கொடுத்தான்.

தாள் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அனுமதி வர அரை வருஷத்துக்கு மேல் ஆனது. பல்கீஸ் செத்ததற்கு ராமநாதபுரம் தாலுகாவில் ஒரு முத்திரை, பாத்துமுத்து உயிரோடு இருப்பதற்குத் திருவாடானை தாலுகாவில் ஒரு முத்திரை. ஒன்றில் எழுதின சுல்தான் பேருக்கும் இன்னொன்றில் எழுதின பேருக்கும் ஒரு எழுத்து கூடிவிட்டது என்று திரும்பி வந்தது. மறுபடி டவாலி, மறுபடி டீ. அந்த டீக்கடைக்காரன் எங்களால்தான் ஓட்டுக் கூரை போட்டான் என்று நான் சொல்வதுண்டு.

அந்த மாசங்களில் பிள்ளை எப்படிப் பிழைத்தது என்று கேட்பீர்கள். பாத்துமுத்து அரிசி கொடுத்தனுப்பினாள். நான் கேட்கவில்லை. தாளுக்காக நான் போன ஒவ்வொரு தடவையும் ஒரு மூட்டையைக் கட்டி வைத்திருந்தாள். கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் போட்டான். கதிஜாம்மா முதல் மூட்டையைத் தொடவில்லை. இரண்டாவதை, "பால் குடுக்குறவளுக்கு வடிச்சுப் போடு" என்றாள். மூன்றாவது வந்தபோது அவளே அவிழ்த்து ஒரு கை அள்ளிப் பார்த்து, "நல்ல அரிசிதான்" என்றாள்.

ஒரு வழியாகப் பாத்துமுத்து பேருக்கு முதல் மணியார்டர் வந்தது. சேதி வந்ததும், கதிஜாம்மாவிடம் முன்பே சொல்லிவைத்தபடி, சாயங்காலமே திருப்பிக் கொண்டுவருகிற பேச்சில் நான் பிள்ளையைத் தூக்கப் போனேன். நூர்ஜகான் என்று பேர், நூரு என்று கூப்பிடுவோம். அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தது. கதிஜாம்மா பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"திரும்ப வரலைன்னா?" என்றாள்.

நான் வளையல் பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். "நான் வர்ற வரைக்கும் இது இங்க இருக்கட்டும்."

"புள்ளைக்கு ஈடா கண்ணாடியை வைக்கிறியாக்கும்?"

"உங்களுக்குக் கண்ணாடி. எனக்கு அதுதான் சோறு. அஞ்சு வயித்துக்கு."

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிள்ளையைக் கொடுத்தாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க பாத்துமுத்து பிள்ளையைக் கீழே விடவில்லை. எண்ணெய் தேய்த்தாள், குளிப்பாட்டினாள், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மூக்கு சுல்தான் மூக்கு, காது இவள் காது. பிள்ளை கையில் பணத்தைக் கொடுத்தபோது அது நோட்டை நேராக வாய்க்குள் வைத்தது. கடல் தாண்டி, இரண்டு தாலுகா தாண்டி வந்த பணம் எச்சிலாக என் மடிக்கு வந்தது.

சாயங்காலம் பஸ் வந்து நின்றது. பிள்ளை அவள் தோளில் தூங்குகிறது. நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"இன்னைக்கு ஒரு நா இருக்கட்டும். நாளைக்கு நானே கொண்டாந்து விடுறேன்" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. நாளைக்குக் கொண்டுவரமாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கண்டக்டர், "ஏறுறீகளா இல்லையா?" என்று சத்தம் போடுகிறான். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் அவள் சனங்கள். நான் பிடித்து இழுத்தால் யார் விடுவார்கள்? விட்டாலும் பிள்ளை பிடித்து இழுக்கிற சாமானா?

தேவிபட்டினத்தில் கதிஜாம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பாள். நான் பிள்ளையில்லாமல் போய் இறங்கினால் அவள் ஆளனுப்பிப் பிள்ளையை மீட்டுக்கொண்டு மறுபடி கதவைச் சாத்துவாள், இந்தத் தடவை சாத்தினது சாத்தினதுதான். அரை வருஷப் பாடும் போகும். பாத்துமுத்துவுக்கு அந்தப் பிள்ளை ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் மிஞ்சும்.

நான் நீட்டின கையை மடக்கவில்லை. "அன்னைக்கு அந்த வீட்டுல ஒரு கை வந்துச்சு" என்றேன். "அவதான்னு நான் ஒரு சொல்லு சொல்லியிருந்தா பணம் அங்கேயே இறங்கியிருக்கும். நீங்க இந்தப் புள்ளையோட முகத்தைப் பாத்திருக்க மாட்டீக. உங்களுக்காகத்தான் அப்படி நின்னேன்னு சொல்லலை. என் சொல்லு அன்னைக்கு நேரா நின்னதால இது இன்னைக்கு உங்க தோள்ல தூங்குது. இப்ப அதே சொல்லு அந்தம்மாகிட்ட ஈடா இருக்கு. சாயங்காலம் கொண்டு வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினான். அவள் பிள்ளையோடு நடந்துபோய், தானே பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தில் என்னை உட்காரச் சொல்லி, என் மடியில் பிள்ளையைப் போட்டாள். தலையில் கிடந்த முக்காட்டுத் துணியை உருவி அதன் காதை மூடினாள். "ஜன்னல் காத்து ஆகாது" என்றாள். இறங்கும்போது கண்டக்டரைப் பார்த்து, "எதுக்குலே இந்த ஊது ஊதுறே? புள்ளை தூங்குதுல்ல" என்று ஒரு அதட்டு அதட்டினாள்.

வாசலில் கதிஜாம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு, காதைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை. துவைத்து மடித்து, அடுத்த மாசம் பிள்ளையோடு கொடுத்தனுப்பினாள்.

அப்புறம் மாசாமாசம் அதே பஸ், அதே ஜன்னல். சில மாசம் பணம் பிந்தும், ஏதாவது முத்திரை தெளிவாக இல்லை என்பார்கள். அப்போதும் பிள்ளையைக் கொண்டுபோனேன். பணம் வராததற்குப் பாத்துமுத்து என்ன செய்வாள்? நூருவுக்கு என் மடியில் பல் முளைத்தது, என் மடியில்தான் முதல் பேச்சுப் பேசினாள், என் தோளில் வாந்தியெடுத்தாள். என் பேர் அவளுக்குத் தெரியாது. "பஸ்ஸம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் அப்பன் சுல்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரோடு வந்து சேருகிற வரைக்கும் இந்த ஓட்டம் ஓடியது. என் வளையல் பெட்டி ஒவ்வொரு தடவையும் கதிஜாம்மா வீட்டில்தான் இருந்தது. வைக்க வேண்டாம் என்று அவள் எப்போதோ சொல்லிவிட்டாள். நான்தான் வைத்துவிட்டுப் போவேன்.

நூருவுக்கு நிக்காஹ் ஆனபோது வளையல் போட நான் போனேன். பெண்கள் பக்கத்தில் கதிஜாம்மாவும் பாத்துமுத்தும் அடுத்தடுத்து உட்கார்ந்து, பிரியாணிக்கு அரிசி எந்த ஊர் அரிசி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் பாடம் என்ன என்று செல்வி கேட்கிறாள். நான் என்ன வாத்தியாரா? உங்கள் மிஷின் சிவப்பு காட்டட்டும், பச்சை காட்டட்டும். யாராவது உங்களைப் பொய் சொல்லச் சொன்னால், சொல்லாதீர்கள். சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கும் போய்விடாதீர்கள். மிச்ச வேலை அங்கேதான் ஆரம்பம். அந்த வேலைக்கு யாரும் கமிஷன் தரமாட்டார்கள், நடைக்கூலி தரமாட்டார்கள், இதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எழுதி முடித்துவிட்டு செல்வி பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "மாசத்துல ஒரு நா மடியில வச்சிருந்ததுக்குப் பேரு வளக்குறதா அப்பத்தா? ஆறை அஞ்சுன்னு மாத்திரட்டுமா?" என்கிறாள்.

மாற்றாதே. எடு அந்தத் தாளை. முதலிலிருந்து வாசி, நான் கேட்கிறேன். வயசை எப்படி வேண்டுமானாலும் வாசித்துக்கொள். ஆறு என்கிற இடத்தில் மட்டும் சத்தமாக வாசி.